வேகமும் விதியும்

மாட்டுங்காவிலிருந்து சயான் வழியாகச் செம்பூருக்கோ, தாராவியிலிருந்து மாஹிம் வழியாகப் பாந்திராவுக்கோ வாகனத்தில் சென்று வரும் தமிழன்பர்கள் ஒரு புதுமையைக் கண்டிருப்பார்கள். நாற்சந்தியில் போலீஸ்காரர் எவரும் இல்லை. ஊதல் ஒலி இல்லை. தடுத்து நிறுத்துவாரும் இல்லை. ஆயினும், வீடு திரும்பிய சில நாட்களுக்குள் கைப்பேசியில் ஒரு செய்தி வருகிறது. இன்ன நாளில், இன்ன மணிக்கு, இன்ன இடத்தில், இந்த எண்ணுள்ள வாகனம் சிவப்பு விளக்கைக் கடந்தது என்றோ, அனுமதித்த வேகத்தை மீறியது என்றோ அது கூறுகிறது. சான்றாக ஒரு நிழற்படமும் உடன் இருக்கிறது. சட்டத்தின் கண் மனிதனிடமிருந்து யந்திரத்திற்கு எவ்வாறு மாறியது? அந்தக் கண் நமக்குத் துணையா, பகையா? விடை காண வேண்டுமாயின், நாம் ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1865-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நீராவியால் இயங்கும் வண்டிகள் ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் என்ற வேகத்திற்கு மேற்படலாகாது; வண்டிக்கு முன்னால் ஒருவர் செங்கொடி ஏந்தி நடக்கவேண்டும் என்பது அதன் விதி. இன்று கேட்போர்க்கு இது நகைப்பை விளைவிக்கலாம். ஆனால் அவ்விதியின் உள்ளே ஓர் எண்ணம் இருந்தது. சாலை என்பது முதலில் நடப்பவனுக்கு உரியது. வண்டி அங்கே பின்னர் வந்த விருந்தாளி என்பதே அவ்வெண்ணம்.

1896-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டு ஜனவரியில் கெண்ட் மாவட்டத்தில் வால்ட்டர் ஆர்னால்டு என்பவர் மணிக்கு 8 மைல் வேகத்தில் மோட்டார் ஓட்டினார். போலீஸ்காரர் ஒருவர் மிதிவண்டியில் துரத்திச் சென்று அவரைப் பிடித்தார். மிகுவேகத்திற்காகத் தண்டனை பெற்ற முதல் மோட்டார் ஓட்டி அவரே என்பர். அதே ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் தேதி, லண்டன் நகரின் கிரிஸ்டல் பாலஸ் பகுதியில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி மோட்டார் வண்டி மோதி உயிரிழந்தார். பிரிட்டனில் மோட்டார் மோதி மாண்ட முதல் பாதசாரி அவர். இத்தகைய நிகழ்ச்சி இனி ஒருபோதும் நேராது என்று விசாரணை அதிகாரி நம்பிக்கை தெரிவித்ததாகக் கூறுவர். அந்நம்பிக்கை பொய்த்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே வேக வரம்பு 14 மைலாக உயர்த்தப்பட்டது. 1903-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 20 மைலாக்கியது.

அந்த 1903-ஆம் ஆண்டுச் சட்டம் மற்றொரு காரியத்தையும் செய்தது. ஒவ்வொரு மோட்டார் வண்டியும் பதிவு எண் ஒன்றைத் தாங்கவேண்டும் என விதித்தது. இது சிறு செய்தி போலத் தோன்றினும், இவ்வரலாற்றின் ஆணிவேர் இதுவே. பெயர் அறியாத வண்டியைச் சட்டம் அழைத்து விசாரிக்க இயலாது. எண் பலகை வந்த அன்றே வண்டிக்கு ஒரு பெயர் வந்தது. அப்பெயருக்குப் பின்னால் பொறுப்புடைய ஒரு மனிதர் வந்தார். இன்றைய காமிரா படிப்பதும் அந்தப் பலகையைத்தான்.

நம் நாட்டில் 1914-இல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் பிறந்தது. 1939-இல் விரிவான சட்டமொன்று அதன் இடத்தைப் பெற்றது. இப்பொழுது நடப்பிலுள்ளது 1988-ஆம் ஆண்டின் சட்டம். அது 1989 ஜூலை 1 முதல் செயலுக்கு வந்தது. இச்சட்டங்கள் ஒன்றையொன்று தொடர்ந்த காலத்தில் பம்பாயின் தெருக்களும் மாறிக்கொண்டே வந்தன. 1874-இல் குதிரைகள் இழுக்கும் டிராம் வண்டி அந்நகரில் ஓடத் தொடங்கிற்று. 1907-இல் மின்சார டிராம் வந்தது. 1926 ஜூலை 15 அன்று முதல் பஸ் ஓடியது. 1964 மார்ச் 31 அன்று கடைசி டிராம் தன் கொட்டகைக்குத் திரும்பியது. 1896-இல் நகரைத் தாக்கிய பிளேக் நோயின் விளைவாக 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு நிறுவப்பட்டது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளின் அகன்ற வீதிகளை வகுத்தது அந்த டிரஸ்டே. அலுவலக வேலைகளை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் மாட்டுங்காவில் குடியேறின. தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் தாராவியில் வாழ்க்கை அமைத்தனர். பின்னர் செம்பூரும் நம்மவர் பேட்டையாயிற்று.

தாராவியின் பெருஞ்சாலைகள் இரண்டும் தம் அகலத்தாலேயே பெயர் பெற்றவை: அறுபது அடிச் சாலை, தொண்ணூறு அடிச் சாலை. இந்தத் தொண்ணூறு அடியை வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொண்ணூறு அடி என்பது ஏறக்குறைய 27 மீட்டர். நடைவேகத்தில் செல்லும் ஒரு சிறுவன் இந்தத் தூரத்தைக் கடக்க 25 வினாடிகள் வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கு இரண்டு வினாடிகூட வேண்டியதில்லை. அவ்வண்டி வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல் பாய்கிறது. ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு, கால் தடையை அழுத்துவதற்குள்ளாகவே ஒரு வினாடி கழிந்துவிடும். மேலும், வேகம் இரு மடங்கானால் மோதலின் வலிமை இரு மடங்கு ஆவதில்லை; நான்கு மடங்கு ஆகிறது. வேக வரம்பு என்பது அதிகாரி ஒருவரின் விருப்பமன்று, இயற்கையின் கணக்கு.

இக்கணக்கைச் சாலையோரத்தில் நின்று போடும் வித்தையைத் தந்தவர்கள் விஞ்ஞானிகள். ரயில் வண்டி நம்மை நோக்கி வருகையில் அதன் ஊதல் உச்சமாகவும், நம்மைக் கடந்து போகையில் தாழ்ந்தும் ஒலிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். இத்தன்மையை 1842-இல் பிராக் நகரில் விளக்கியவர் கிறிஸ்டியன் டாப்ளர் என்னும் ஆஸ்திரிய அறிஞர். கண்ணுக்குத் தெரியாத வானொலி அலைகளுக்கும் இது பொருந்தும். அவ்வலைகளுள் மிகச் சிறியவற்றை உண்டாக்கி, 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் பலர் காண இயக்கிக் காட்டியவர் நம் ஜகதீச சந்திர போஸ். இரண்டாம் உலகப் போரில் பகைவரின் விமானங்களைக் கண்டறிய அதே இன அலைகள் பயன்பட்டன. அக்கருவிக்கு 1940-இல் அமெரிக்கக் கடற்படையினர் இட்ட சுருக்கப் பெயரே ரேடார் என்பது.

போர் முடிந்தபின் ரேடார் சாலைக்கு வந்தது. 1947-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள கிளாஸ்டன்பரியில், போலீஸார் அதைக் கொண்டு மோட்டார் வண்டிகளின் வேகத்தை அளந்தனர். அதன் இயக்கம் எளிது. கருவி ஓர் அலையை அனுப்புகிறது. வண்டி அதைத் திருப்பி எறிகிறது. திரும்பி வரும் அலையின் அதிர்வு எண் சற்று மாறியிருக்கிறது. அந்த வேறுபாடே வேகத்தின் அளவு. இந்நாளைய கருவியொன்று, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நேரே வரும் வண்டியிடமிருந்து வினாடிக்குச் சுமார் 2,680 அதிர்வுகள் மிகுதியாகப் பெறுகிறது. ஓர் உரையை நம் செவிக்குக் கொண்டுவரும் வானொலி அலைக்கும், நம் வண்டியின் வேகத்தை எடைபோடும் அலைக்கும் குலம் ஒன்றே என்பது வானொலி நேயர்களுக்குச் சுவை தரும் செய்தியாகும்.

காமிராவின் கதை இன்னும் விந்தையானது. ஜாவாத் தீவில் பிறந்த டச்சுக்காரர் மாரிஸ் காட்சோனிடிஸ் மோட்டார் பந்தய வீரர். 1953-ஆம் ஆண்டு மாண்டி கார்லோ பந்தயத்தில் வெற்றி பெற்றவர். வளைவுகளில் தம் வண்டி எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அறிய அவர் ஒரு கருவி செய்தார். சாலையின் குறுக்கே இரண்டு ரப்பர்க் குழாய்கள். முதல் குழாயின்மேல் சக்கரம் ஏறியதும் கடிகாரம் ஓடும். இரண்டாவதன்மேல் ஏறியதும் நிற்கும். இன்னும் வேகமாக ஓட்டக் கற்பதே அவருடைய நோக்கம். பின்னர் 1958-இல் அவர் நிறுவிய கம்பெனி அத்தகைய கருவிகளைப் போலீஸாருக்கு விற்றது. காமிராவும் ரேடாரும் அவற்றுடன் இணைந்தன. வேகத்தை வளர்க்கப் பிறந்த கருவி, வேகத்தை அடக்கும் கருவியாக உலகெங்கும் பரவியது. 1976-இல் பிரிட்டிஷ் போலீஸ் விஞ்ஞானப் பிரிவினர், எண் பலகையைத் தானே படித்தறியும் முறையையும் கண்டனர். இத்துடன் வேகத்தை அளப்பது, படம் பிடிப்பது, பெயரை அறிவது ஆகிய மூன்றும் யந்திரத்தின் வசமாயின.

மும்பைக்கு இக்கண்கள் பெருந்தொகையாக வந்த காரணம் போக்குவரத்து அன்று. 2008 நவம்பர் 26-ஆம் தேதி நகரைத் தாக்கிய பயங்கரவாதிகளின் கொடுஞ்செயலுக்குப் பின், நகர் முழுவதையும் காமிராக்களால் காக்கவேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. ஆண்டுகள் சில கடந்து, 2016 அக்டோபரில் சுமார் 1,500 இடங்களில் ஏறக்குறைய 4,700 காமிராக்கள் கொண்ட திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அதே மாதத்தில் காகித ரசீதுக்குப் பதிலாக மின்னணு அபராதச் சீட்டு முறையும் நகரில் வந்தது. பகைவரைக் காண வைத்த கண், சிவப்பு விளக்கைத் தாண்டும் நம்மையும் காணத் தொடங்கிற்று. பாந்திரா–வோர்லி கடற்பாலத்திலும் மெரின் டிரைவிலும் வேகம் அளக்கும் காமிராக்கள் அமைந்தன. 2024 ஜூலையில் மும்பை–பூனா விரைவுச் சாலையிலும் இத்தகைய முறை நடைமுறைக்கு வந்தது. வீண் ஒலி எழுப்புவோரைத் திருத்த மும்பை போலீஸார் செய்த சோதனை ஒன்றும் நினைவுகூரத்தக்கது. ஒலி 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரக் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பொறுமையற்றவர் பின்னும் காத்திருக்கவேண்டும்!

இவ்வரலாற்றில் தமிழ் நாட்டவர் ஒருவருக்கும் சிறப்பிடம் உண்டு. கோயம்புத்தூரில் எலும்பு மருத்துவம் செய்யும் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளால் நாட்டில் நிகழும் உயிர்ச்சேதத்தைத் தடுக்க வழி செய்யுமாறு 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதன் பயனாக 2014-இல் நீதிபதி கே. எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை நீதிமன்றம் அமைத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது, சாலைகளை மின்னணுக் கருவிகளால் கண்காணிக்க மாநிலங்களைக் கடமைப்படுத்தும் 136-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்குரிய விதிகள் 2021 ஆகஸ்டில் வெளியாயின. அப்பிரிவை மாநிலங்கள் செயற்படுத்த வேண்டுமென 2024 செப்டம்பரில் அதே வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. கோவையில் தொடங்கிய முயற்சியின் பயன், தாராவியில் சாலை கடக்கும் சிறுவனுக்கும் உரியது.

இம்முயற்சி எதற்காக என்று கேட்பார்க்கு எண்களே விடை கூறும். 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என மத்திய சர்க்காரின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் நூற்றுக்கு எழுபத்தொருவர் மிகுவேகத்தால் நேர்ந்த விபத்துகளில் மாண்டவர்கள். இறந்தோரில் நூற்றுக்கு நாற்பத்து நால்வருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள்; ஏறக்குறைய இருபதின்மர் நடந்து சென்றவர்கள். வேகமாகச் செல்லும் பெரிய வண்டிகளுக்கு உள்ளே இருப்பவர்களினும், வெளியே இருப்பவர்களே பெரும்பாலும் மடிகின்றனர். பிழைப்புத் தேடி வெளியூர் வந்தோர் எவ்விடத்தில் இருக்கின்றனர் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. ஊரிலே தாயும் மனைவியும் பணத்தை எதிர்பார்த்திருக்க, இங்கே சாலையில் ஒரு கணத்தில் எல்லாம் முடிந்துபோன குடும்பங்கள் உண்டு. ‘விதி’ என்று சொல்லித் தேற்றிக்கொள்வது நம் வழக்கம். தமிழில் ஊழையும் விதி என்கிறோம். சட்டத்தையும் விதி என்கிறோம். முன்னதன்மேல் நாம் ஏற்றும் பழியில் பெரும்பங்கு, பின்னதைக் கைவிட்டதனால் வந்ததே.

இனி, யந்திரக் கண்ணின்மேல் எழும் ஐயங்களையும் நாம் நேர்மையுடன் நோக்க வேண்டும். முதலாவது, அது பிழை செய்யாதா என்பது. செய்யும். இரண்டு வண்டிகள் அருகருகே வந்தால் ரேடார் எதனை அளந்தது என்ற ஐயம் தோன்றலாம்; ஆதலால்தான் படமும் சான்றாக வேண்டப்படுகிறது. கருவி சாய்வாக நின்று பார்த்தால் அது காட்டும் வேகம் உண்மையினும் சற்றுக் குறைவாகவே இருக்கும். இப்பிழை ஓட்டுபவருக்குச் சாதகமானது. சேறு படிந்த எண் பலகையையும், அழகுக்காக வளைத்தெழுதிய எண்ணையும் காமிரா தவறாகப் படித்து, வேறொருவர் தலையில் குற்றத்தைச் சுமத்தக்கூடும். எண் பலகையில் ஆங்கில எழுத்துகளும், யாவரும் அறிந்த இலக்கங்களுமே இருக்கவேண்டும் என்ற விதிக்கு இதுவும் ஒரு காரணம். மொழிப்பற்றைக் காட்ட அதனினும் நல்ல இடங்கள் பல உள்ளன.

இரண்டாவது, சர்க்கார் நம் நடமாட்டத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கலாமா என்பது. அந்தரங்கம் குடிமக்களின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கண்காணிப்புக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். 2021-ஆம் ஆண்டின் விதிகள் சில காவல்களை வகுத்தன. கருவிக்கு அங்கீகாரச் சான்று வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிக்கப்படும் சாலையில் முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். குற்றம் நிகழ்ந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பன அவை. இக்காவல்கள் ஏட்டில் மட்டும் இருந்தால் போதா. யந்திரம் சாட்சியேயன்றி நீதிபதி அன்று. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை எந்தக் குடிமகனுக்கும் உண்டு.

மூன்றாவது ஐயம் நம் போன்ற வெளிமாநிலத்தார்க்கே உரியது. போலீஸ்காரர் தடுத்து நிறுத்தினால், மராத்தியோ ஹிந்தியோ திருந்தப் பேசத் தெரியாத புதியவன் திகைத்து நிற்பான். மொழி அறிந்தவனுக்கும் செல்வாக்கு உடையவனுக்கும் கிடைக்கும் சலுகை அவனுக்குக் கிடைக்காமற் போகலாம். காமிரா எவரையும் மொழி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, பெரிய வண்டி, சிறிய வண்டி என்று பார்ப்பதுமில்லை. இது நமக்கு நன்மையே. ஆனால் அதனிடம் நாம் நம் குறையைச் சொல்லவும் முடியாது. நோயாளியை ஏற்றிக்கொண்டு சயான் மருத்துவமனைக்கு விரைந்தவரையும், களிப்புக்காக விரைந்தவரையும் அது ஒன்றாகவே எண்ணும். அவ்வேறுபாட்டைக் காண மனிதர் ஒருவர் இருந்தே தீரவேண்டும். எனவே, அபராதச் சீட்டை மறுத்து முறையிடும் வழி எளிதாகவும், மக்கள் அறிந்த மொழியிலும் இருத்தல் அவசியம்.

அதுவரையில் நாம் செய்யக்கூடியனவும் சில உள. தமிழ் நாட்டில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருப்பவர், அம்மாநிலத்தின் பதிவு எண்ணைப் பெறவேண்டும் என்பது சட்டம். பலர் இதைத் தள்ளிப்போடுகின்றனர். அதன் விளைவாக, அறிவிப்புகள் திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ உள்ள பழைய முகவரிக்கும், எப்போதோ கைவிட்ட தொலைபேசி எண்ணுக்கும் செல்கின்றன; இங்கே அபராதம் அறியாமலே குவிகிறது. வண்டியை விற்றவர், மாற்றத்தை அதே மாநிலத்திற்குள்ளாயின் 14 நாட்களுக்குள்ளும், வெளிமாநிலமாயின் 45 நாட்களுக்குள்ளும் அறிவிக்க வேண்டும். அறிவியாதவர், வேறொருவர் செய்த குற்றத்திற்குத் தாம் பதில் சொல்ல நேரும். வண்டியை நண்பருக்கோ உறவினருக்கோ கொடுத்தவரிடம், ஓட்டியவர் யார் என்று கேட்கப் போலீஸாருக்கு உரிமை உண்டு. அபராதச் செய்தி என்ற பெயரில் வரும் போலிச் செய்திகளும் இந்நாளில் மலிந்துள்ளன. சர்க்காரின் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துச் சரிபார்த்த பின்னரே பணம் கட்டுதல் நலம்.

செங்கொடி ஏந்தி வண்டிக்கு முன்னால் நடந்த அம்மனிதர் வரலாற்றிலிருந்து மறைந்துவிட்டார். எனினும் அவர் காட்டிய எச்சரிக்கை மறையவில்லை. அது எண் பலகையாய், ரேடாராய், காமிராவாய் வடிவம் மாறி வந்திருக்கிறது. ஆயினும் எந்தக் கருவியும், நடந்த குற்றத்தை நடந்த பின்னரே காட்டும். தடையை அழுத்த வேண்டிய கால் நம்முடையதே. தொண்ணூறு அடிச் சாலையைக் கடக்கும் சிறுவனுக்கு 25 வினாடிகள் வேண்டும். அந்த 25 வினாடிகளை அவனுக்குக் கொடுப்பது, காமிரா இருக்கும் இடத்திலும் இல்லாத இடத்திலும் நாம் செய்யவேண்டிய கடமையாகும்.